பேனா இல்லாத மதியம்

பதினேழு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்த பதினேழு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு நாள் வந்து உட்கார்ந்து, பயிற்சி கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கினால்தான் கார்டைப் புதுப்பிப்பார்கள். கார்டு இல்லாதவன் ஷாஃப்டுக்குள், அதாவது லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த உயரமான கூட்டுக்குள், தலையை நீட்டவும் கூடாது. ஆகவே யாரும் எதையும் கற்றுக்கொள்ள வரவில்லை. கையெழுத்துக்கு வந்திருந்தார்கள்.

அவனும் அதற்குத்தான் வந்திருந்தான். கூட வேலை பார்ப்பவர்களும் தொழிலில் தெரிந்தவர்களும் அவனை இன்ஜினீயர் என்பார்கள். கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு ஸ்பேனர் பிடிக்க வந்தவன் என்று கிண்டலாக வைத்த பெயர். கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஏழு மாதமாக அவன் ஷாஃப்டுக்குள் இறங்கவில்லை. ஆபீசில் போன் எடுக்கிற வேலை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஆள் மாற்றி ஆள் கத்துவார்கள். எந்த மாடி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொள்வான். குரலில் எதுவும் ஏறாமல் பேசுகிறவனுக்குப் பொருத்தமான வேலைதான். இந்த மாதக் கடைசியோடு கார்டு காலாவதி. இன்றைக்குக் கையெழுத்து கிடைக்காவிட்டால் போனோடேயே இருந்துகொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஷாஃப்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஆசை எதுவும் இல்லை. ஆசை என்ற சாமானே கொஞ்ச நாளாக வீட்டில் இல்லை. ஆனால் திரும்பலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் ஒன்று இருந்தது. அது அவனுக்கே தெரியாத விஷயம்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் மனைவி தன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. வயது இருபத்தொன்பது. அந்த நேரத்தில் அவன் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில், ஒன்பதாவது மாடி லிஃப்ட் கதவில் பழுதான காண்டாக்டை, அதாவது கதவு சாத்தியதும் கரண்டைச் சேர்க்கும் சின்ன சுவிட்சை, மாற்றிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. திரையில் அவள் பெயர். "சொல்லு" என்றான். பேசியது வேறு யாரோ.

ஒன்பது மாடி எப்படி இறங்கினான் என்று தெரியாது. மெயின் சுவிட்சில் அவன் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. மெக்கானிக் உள்ளே இருக்கும்போது யாரும் கரண்டைப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. போட்டவன்தான் திறக்க வேண்டும். வேறு கை படக் கூடாது. மூன்று நாள் அந்த லிஃப்ட் நின்றது. பிறகு யாரோ பூட்டை வெட்டி ஓட விட்டதாகக் கேள்விப்பட்டான்.

அவனை அரித்தது பூட்டு இல்லை. கம்பி. கதவு முழுதாகச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். எந்த மாடிக் கதவில் பழுது என்று கண்டுபிடிக்க, மேலே மெஷின் ரூமில் இருக்கும் கன்ட்ரோல் பெட்டிக்குள் சாண் நீளக் கம்பி ஒன்றைக் குறுக்கே மாட்டுவார்கள். ஜம்பர் என்பார்கள். அது இருக்கிற வரை கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் கிளம்பும். பழுதைக் கண்டுபிடித்ததும் கம்பியை எடுத்துவிட்டு, மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுக் கீழே போவது அவன் வழக்கம். அன்றைக்கும் எடுத்தானா? ஏழு மாதமாக யோசிக்கிறான். அவன் பையில் ஏழெட்டுக் கம்பிகள் எப்போதும் கிடக்கும். எண்ணி வைத்தவனில்லை.

கேட்டால் தெரிந்துவிடும். பூட்டை வெட்டியது யார் என்று கேட்டு, அந்த ஆளிடம் ஒரு வார்த்தை. கேட்கவில்லை.

மச்சான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவன் மனைவியின் அண்ணன். அதே கம்பெனி, அதே வேலை. முதலில் வேலையில் ஜோடி, அப்புறம்தான் சொந்தம். "என் தங்கச்சியக் கட்டிக்கிறியா, இல்ல இப்படியே என் டிபன் பாக்ஸ்ல கை வெச்சிட்டே இருப்பியா?" என்று கேட்டவர் அவர்தான். ஏழு மாதமாக இருவரும் பேசியதை ஒரு தாளில் எழுதினால் பின்பக்கம் தேவைப்படாது.

காலையில் பேசியவர் டை கட்டியிருந்தார். பாதுகாப்பு என்பது ஒரு மனநிலை என்று திரையில் பெரிய எழுத்தில் வந்தது. அடியில் சூரிய உதயப் படம்.

"மனநிலை சரியில்லன்னா லீவு குடுப்பீங்களா சார்?" என்று பின்வரிசையில் வழுக்கைத் தலைக்காரர் கேட்டார்.

டை கட்டியவர் அடுத்த படத்துக்குப் போனார். அதுவும் சூரிய உதயம்தான். ஒருவர் வாயைத் திறந்துகொண்டே தூங்கினார். அவன் தூங்கவில்லை. அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால் விழித்திருந்தும் ஒரு வரி உள்ளே போகவில்லை.

டீ இடைவேளையில் வேறொரு கம்பெனியின் தாடிக்காரர் நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பன்னெண்டு மாடிக் கதை தெரியாதா உங்களுக்கு? ஒருத்தன் மெயினப் பூட்டிட்டு சாவியோட ஓடியே போயிட்டான்யா."

"எங்க ஓடினான்?"

"வாட்ச்மேன் பொண்ணோடன்னு பேச்சு. மூணு நாளு லிஃப்டு படுத்துக்கிச்சு. மேல் மாடிக்காரங்களுக்கெல்லாம் இடுப்பு இளைச்சுப் போச்சாம்."

"வாட்ச்மேன் பொண்ணு இல்லப்பா. லாட்டரி விழுந்துச்சுன்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான், விடு."

சிரித்தார்கள். அவன் காகிதக் கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வலிக்கவில்லை. யாரோ ஒருவனைப் பற்றிய கதை போலத்தான் இருந்தது. அந்த ஆள் கடைசியில் என்ன ஆனான் என்று கேட்கக்கூடத் தோன்றியது. மச்சான் மட்டும் கோப்பையை மேசையில் வைத்தார். டீ சிந்தியது. துடைக்காமல் வெளியே போனார்.

மதியம் இன்ஸ்பெக்டரம்மாவின் முறை. ஐம்பது வயதைத் தாண்டியவர். லிஃப்ட் ஆய்வாளராக இருந்து வேலையை விட்டவர். கையெழுத்துப் போடப்போவது அவர்தான். வந்ததும் திரையைச் சுருட்டச் சொன்னார். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைக் கவிழ்த்து முதல் ஆளிடம் நீட்டினார்.

"பேனா, போன், ரெண்டையும் இதுல போடுங்க."

"என்னம்மா, வழிப்பறியா?" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"சாயங்காலம் பொறுக்கிக்கலாம். போடுங்க."

போட்டார்கள். ஹெல்மெட் நிறைந்தது. அதை ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார். "இங்க யாரும் எதையும் எழுதப் போறதில்ல, நான் உள்பட. ஆளுக்கு ஒரு தப்பு சொல்லணும். கேள்விப்பட்ட தப்பு இல்ல, செஞ்ச தப்பு. அடுத்தவன் கதைய டீக்கடையில சொல்லிக்கலாம். சொன்னதுக்காக யாருக்கும் கையெழுத்து நிக்காது. நானே ஆரம்பிக்கிறேன்."

ஆரம்பித்தார். லிஃப்ட் கூட்டின் அடிப்பள்ளத்தில் இறங்கிப் பார்த்துத்தான் சான்று கொடுக்க வேண்டும். ஒரு கட்டிடத்தில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"அன்னைக்குன்னு பாத்துப் புதுச் செருப்பு. மேலருந்தே டார்ச் அடிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். நாலு மாசம் கழிச்சு அடியில இருந்த ஸ்பிரிங் துருப்பிடிச்சு ஒடஞ்சு கெடந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்தச் செருப்ப நான் அதுக்கப்புறம் போடவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலிகள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தன.

வழுக்கைத் தலைக்காரர் எட்டாவது மாடியிலிருந்து ஸ்பேனரை நழுவ விட்டவர். அது கீழே நின்ற ஜோடிக்காரரின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. "நான் என்ன பண்ணேன் தெரியுமா? மேலருந்து அவனத் திட்டினேன். பாத்து நிக்க மாட்டியாடான்னு. அவனும் மன்னிச்சுக்கோங்கண்ணேன்னுட்டான். இன்னைக்கு வரைக்கும் அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கல." இதைச் சொல்லிவிட்டுத் தன் தலையைத் தானே தடவிக்கொண்டார்.

தாடிக்காரர் போனைக் கீழே கழற்றி வைத்த சட்டையில் விட்டுவிட்டு, லிஃப்டின் கூரை மேல் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டவர். "கத்துனேன், கத்துனேன். கீழ வாட்ச்மேன் பாட்டுக் கேட்டுட்டே நமக்கும் சேத்துத் தாளம் போடுறாரு."

காலையில் தூங்கியவர் இப்போது கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் முறை வந்தது. ஒரு சின்னத் தப்பைத் தயாராக வைத்திருந்தான். எண்ணெய் சிந்தி வழுக்கிய கதை. யாருக்கும் நஷ்டமில்லாத கதை. இன்ஸ்பெக்டரம்மா அவனைப் பார்த்துத் தலையசைத்தார். வாயைத் திறந்தான்.

"பன்னெண்டு மாடிக் கதை என்னுதுதான்" என்றான்.

தாடிக்காரர் முகம் வெளுத்தது. "தம்பி, நான் சும்மா விளையாட்டுக்கு..."

"பரவால்லண்ணே. வாட்ச்மேனுக்குப் பொண்ணு கெடயாது. என் மனைவி இறந்துட்டாங்கன்னு போன் வந்துச்சு. போயிட்டேன்."

அவன் ஆபீஸ் போனில் பேசுகிற அதே குரலில் தொடர்ந்தான். "பூட்டு விட்டது தப்பு இல்ல. பூட்டு இருந்தா யாருக்கும் அடிபடாது. பெட்டிக்குள்ள ஜம்பர் போட்டிருந்தேன். எடுத்தேனா இல்லையான்னு தெரியல. எடுக்காம விட்டிருந்தா, அதோட லிஃப்ட ஓட்டியிருப்பாங்க. எத்தன நாள் ஓட்டினாங்க, யாருக்கு என்ன ஆச்சு, எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. கேட்டிருக்கணும். அதுதான் தப்பு."

"பூட்ட வெட்டினது யாரு?" என்று இன்ஸ்பெக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது."

"நான்தான்" என்றார் மச்சான்.

அவன் திரும்பிப் பார்த்தான். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாள் கழிச்சு. வீட்ல உக்கார முடியல. வேலைக்காவது போவோம்னு போனேன். ஒம்பதாம் மாடியில காண்டாக்ட் பாதியில நின்னுச்சு. அத முடிச்சேன். பூட்ட வெட்டிக் கரண்டப் போட்டேன்."

"பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?"

"பாக்கல." மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அடுத்தவன் பூட்ட வெட்டுனா மேலருந்து கீழ வரைக்கும் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் கரண்டப் போடணும். எனக்குத் தெரியும். நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கேன். பாக்கல. உள்ள ஏறி ஓட்டிப் பாத்தேன். ஆறாவது மாடியில ஒரு அம்மா, கையில பை வெச்சிட்டு, ஒரு காலை உள்ள வெச்சாங்க. மேல யாரோ பட்டன அமுக்குனாங்க போல. கதவு தொறந்திருக்கும்போதே கெளம்பிடுச்சு."

யாரோ உச்சுக்கொட்டி உடனே நிறுத்திக்கொண்டார்.

"அவங்கள உள்ள இழுத்தேன். இன்னொரு கையால ஸ்டாப்ப அடிச்சேன். பட்டன் கைக்குப் பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். முட்டியில சிராய்ப்பு. மேல போய்ப் பெட்டியத் தொறந்தேன். கம்பி இருந்துச்சு. எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டேன்." அப்புறம் முதல் முறையாக அவன் பக்கம் திரும்பினார். "அந்தம்மா எனக்கு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போச்சு மாப்ள. உயிரக் காப்பாத்துனீங்கன்னு."

அவனுக்கு என்ன தோன்ற வேண்டும் என்று அவனே காத்திருந்து பார்த்தான். பெரிதாக எதுவும் வரவில்லை. கம்பி இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு வாக்கியம். ஏழு மாதம் தூக்கத்தைத் தின்ற கேள்விக்கு இவ்வளவு சின்ன பதில். அடுத்தபடி ஆறாவது மாடி, ஒரு முழங்கால், ஒரு பை. அந்தப் பைக்குள் என்ன இருந்திருக்கும் என்று தோன்றியது.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"சொன்னா இவன் வேல போகும். தங்கச்சிதான் போயிட்டா, அவ புருஷனோட சோத்துலயும் நான் மண்ணப் போடணுமா?" மச்சான் நிறுத்தினார். "அது பாதிதாம்மா. என் தப்பும் வெளிய வரும். அதுவும்தான்."

பிறகு வழுக்கைத் தலைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இன்ஜினீயரு, உங்க கம்பெனி ஜம்பர் எவ்வளவு நீளம்?"

"ஒரு சாண். மிச்ச ஒயர்ல வெட்டிக்குவோம்."

"அதான் சங்கதி. எங்களுது ரெண்டு கை நீளம். வேணும்னே அப்படி. பெட்டிக்குள்ள மாட்டுனா ஆட்டு நாக்கு மாதிரி வெளிய தொங்கும். பெட்டிக் கதவு சாத்தாது. ஆளுக்கு மூணுதான் குடுப்பாங்க, நம்பர் போட்டு. சாயங்காலம் மூணையும் காட்டலன்னா வண்டி எடுக்க விட மாட்டாங்க."

"ரெண்டு கைன்னா, எத்தன அடி?" என்று தாடிக்காரர் கேட்டார். "நாங்களும் சாண் கம்பிதான்யா வெச்சிருக்கோம்."

"நாங்களும்" என்றது இன்னொரு குரல்.

"அம்மா, பேனா ஒரு நிமிஷம் குடுங்க. இத மட்டும் எழுதிக்கிறேன்."

"கையால அளந்துக்கோங்க. கை வீட்டுக்கு வரும்ல" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பதினேழு பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் கையை விரித்து அளந்தார்கள். பக்கத்து ஆள் மூக்கில் இடித்தார்கள். என்ன நிறக் கம்பி, முனையில் என்ன கிளிப், தொலைந்தால் யார் பொறுப்பு என்று பேச்சு அரை மணி நேரம் போனது. அவனும் பேசினான். கம்பியில் பெயரெழுதிய அட்டை கட்டினால் என்ன என்று கேட்டான். கேட்ட பிறகுதான், ஏழு மாதத்தில் யாரும் கேட்காமல் தானாக வாயைத் திறந்தது இதுதான் என்று தெரிந்தது. அது பற்றியும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு ஹெல்மெட் காலியானது. எல்லாருடைய தாளிலும் கையெழுத்து விழுந்தது. அவனையும் மச்சானையும் மட்டும் கடைசியில் நிற்கச் சொன்னார் இன்ஸ்பெக்டரம்மா.

"சொன்னதுக்காகக் கையெழுத்து நிக்காதுன்னேன். நிக்காது." இரண்டு தாளிலும் போட்டார். "ஆனா ஒரு அம்மாவுக்கு அடிபட்டிருக்கு. அந்தக் கட்டிடத்துல லிஃப்ட் பதிவேடு ஒண்ணு இருக்கும். அதுல அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இருக்கணும். நான் எழுத மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன். எழுதறதா இருந்தா நீங்கதான் எழுதணும். எழுதுனா உங்க கம்பெனி என்ன செய்யும்னு என்னால சொல்ல முடியாது."

மச்சான் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"உங்களுக்கு இன்னொண்ணு" என்று அவனிடம் திரும்பினார். "ஏழு மாசம் ஆச்சு நீங்க உள்ள இறங்கி. மூணு மாசத்துக்குத் தனியா விட மாட்டேன். ஒரு ஜோடி பேரு எழுதணும். மச்சானையே போட்டுரலாமா?"

"அவர் வேண்டாம்மா" என்றான். "வேற யாரா இருந்தாலும் சரி. கம்பெனியில கேட்டு எழுதிக்கிறேன்."

மச்சான் அவனைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தாளைக் கொடுத்தார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மச்சான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்னடா அப்படிச் சொல்லிட்ட? பத்துப் பேரு முன்னால இல்லன்னாலும், இன்ஸ்பெக்டரம்மா முன்னால."

"நீங்க எனக்காக மறைச்சீங்க மச்சான். அடுத்த தடவையும் மறைப்பீங்க."

"தங்கச்சி புருஷன்டா நீ."

"அதனாலதான் சொல்றேன்."

மச்சானுக்குக் கோபம் வந்தது. வண்டியின் சீட்டை இரண்டு முறை தட்டினார். மூன்றாவது முறை தட்டப் போனவர் நிறுத்தினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, ஏழு மாசத்துல?"

"நீங்களும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"உன் மூஞ்சியப் பாத்தா அவ ஞாபகம் வருது. எப்படிச் சொல்றது?"

"எனக்கும் அதேதான்."

ஒரு வேன் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. இருவரும் ஒதுங்கினார்கள். மச்சான் வண்டியைக் கிளப்பினார். "ஏறு" என்றார். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன் அறை, படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஆணியில் தொங்கும் சாவிகள். வாட்ச்மேன் மச்சானை அடையாளம் கண்டுகொண்டார். "யாரும் கம்ப்ளைன்ட் குடுக்கலயே சார்?"

"நாங்கதான் குடுக்க வந்திருக்கோம்" என்றார் மச்சான்.

பதிவேடு நீள நோட்டு. அட்டை எண்ணெய்ப் பிசுக்கு. மச்சான் புரட்டிக்கொண்டே போய், ஏழு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் நிறுத்தினார். கதவுக் காண்டாக்ட் மாற்றப்பட்டது, லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று அவர் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. தேதி போட்டிருக்கவில்லை. அதற்குக் கீழே வேறு பழுதுகள், வேறு கையெழுத்துகள் நிறைந்துவிட்டன. இடமில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதத் தொடங்கி நிறுத்தினார்.

"அன்னைக்குத் தேதி என்ன மாப்ள?"

ஏழு மாதத்தில் அந்தத் தேதியை அவன் வாயால் சொல்ல நேர்ந்ததில்லை. சான்றிதழ், வங்கி, அவள் ஆபீஸ் என்று எல்லாத் தாள்களையும் யார் யாரோ நிரப்பினார்கள். அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். இப்போது கணக்குப் போட வேண்டியிருந்தது. அவள் போன நாள், அதோடு மூன்று. அவள் போன நாளிலிருந்து தொடங்காமல் அந்தக் கணக்கு வராது.

"அவ போனது பதினொண்ணு" என்றான். குரல் கொஞ்சம் தட்டியது. தண்ணீர் குடிக்காததால் இருக்கலாம். "அப்ப பதினாலு."

மச்சான் பதினான்கு என்று எழுதினார். மாதத்தையும் வருடத்தையும் எழுதினார். ஆறாவது மாடி, முழங்கால், கம்பி, பூட்டு, எல்லாவற்றையும் எழுதினார். மெதுவாக, பள்ளிக்கூடப் பையன் பரீட்சை எழுதுகிற மாதிரி, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதினார். அவளும் எழுதும்போது அப்படித்தான் கடிப்பாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன் பேரையும் போடவா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார்.

"போடுங்க" என்றான். "கம்பி போட்டது நான். முதல்ல என் பேரு."